நாட்டு மட்டக்குதிரைக் காட்சிகளும் நடுவர்களின் இன விருப்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் நாட்டு மட்டக்குதிரைகளைக் காட்சிக்குக் கொண்டுபோகிற யாரிடம் பேசினாலும், பேச்சு கடைசியில் நடுவரிடம்தான் வந்து நிற்கும். "அவருக்கு வெல்ஷ் குதிரை என்றால் உயிர்", "இவர் முன்னால் எக்ஸ்மூரைக் கொண்டுபோய்ப் பயனில்லை" என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தோற்றவர் ஆதங்கம்? புதிதாக இந்த உலகத்துக்குள் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் சொந்த அபிப்பிராயத்தையும் மறைக்கப் போவதில்லை.

நாட்டு மட்டக்குதிரைகள் என்றால் எவை?

பிரிட்டிஷ் தீவுகளின் மலைகளிலும் மேட்டு நிலங்களிலும் நூற்றாண்டுகளாக வளர்ந்துவந்த இனங்கள். காட்சி வட்டாரத்தில் இவற்றை மவுன்டன் அண்ட் மூர்லேண்ட், சுருக்கமாக எம் அண்ட் எம் என்பார்கள். கானமாரா, டேல்ஸ், டார்ட்மூர், எரிஸ்கே, எக்ஸ்மூர், ஃபெல், ஹைலேண்ட், நியூ ஃபாரஸ்ட், ஷெட்லேண்ட், அப்புறம் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவுகளாக உள்ள வெல்ஷ்.

உயரத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் உண்டு. ஷெட்லேண்ட் 107 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. வெல்ஷ் ஏ பிரிவுக்கு வரம்பு சுமார் 122 செ.மீ., டார்ட்மூருக்கு 127. கானமாராவும் நியூ ஃபாரஸ்ட்டும் ஹைலேண்டும் 148 வரை போகலாம். வெல்ஷ் டி பிரிவுக்கு மேல் வரம்பே கிடையாது; 137 செ.மீ.க்கு மேல் இருந்தால் போதும்.

இவ்வளவு வித்தியாசமான குதிரைகளை ஒரே வகுப்பில் எப்படி நிறுத்துகிறார்கள்?

பெரிய காட்சிகளில் இனத்துக்கு ஒரு வகுப்பு, அல்லது நெருங்கிய இரண்டு மூன்று இனங்களுக்கு ஒரு வகுப்பு இருக்கும். சிறிய காட்சிகளில் அத்தனை குதிரைகள் வராது. அதனால் சிறிய இனங்கள், பெரிய இனங்கள் என்று இரண்டே வகுப்புகள். வெல்ஷ் ஏ, வெல்ஷ் பி, டார்ட்மூர், எக்ஸ்மூர், ஷெட்லேண்ட் முதல் வகுப்பில் வரும். கானமாரா, டேல்ஸ், ஃபெல், ஹைலேண்ட், நியூ ஃபாரஸ்ட், வெல்ஷ் சி, வெல்ஷ் டி இரண்டாவதில் வரும். வகுப்பு வென்றவர்கள் சாம்பியன்ஷிப்பில் சந்திக்கும்போது ஷெட்லேண்டும், வெல்ஷ் காப் எனப்படும் டி பிரிவுக் குதிரையும் ஒரே வரிசையில் நிற்கும்.

அந்த இடத்தில் நடுவர் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த இரண்டில் எது நல்ல குதிரை?" என்பது கிடையாது. "எது தன் இனத்தின் வரையறைக்கு அதிகம் பொருந்துகிறது?" என்பதுதான். ஒவ்வொரு இனச் சங்கமும் தலை, கழுத்து, தோள், எலும்பு, குளம்பு, நிறம், நடை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. நடுவர் இந்த வரையறைகள் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குதிரையும் தன் வரையறைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சொல்ல எளிது, செய்வது மிகக் கடினம். சார்பு நுழைவதும் இந்தக் கடினத்தின் வழியாகத்தான்.

அப்படியானால் நடுவர்களுக்கு இன விருப்பம் உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

உண்டு. ஆனால் பலர் நினைக்கிற வடிவத்தில் இல்லை.

"எனக்கு ஹைலேண்ட் பிடிக்காது, அதனால் கீழே வைக்கிறேன்" என்று முடிவெடுத்து ரிங்குக்குள், அதாவது காட்சி வளையத்துக்குள், நுழைகிற நடுவர் அரிது. பெரும்பாலான நடுவர்கள் பல ஆண்டுகள் இந்தக் குதிரைகளோடு வாழ்ந்தவர்கள். நேர்மையாகவே தீர்ப்பளிக்க நினைக்கிறார்கள். அவர்களை அறியாமலே வேலை செய்கிற விருப்பம்தான் பிரச்சினை. அது "நடை", "களை" (கண்ணை இழுக்கும் தோற்றம்) என்ற இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது.

வெல்ஷ் காப், அதாவது டி பிரிவு, டிராட்டில் வருவதை ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள அந்த இரண்டடித் துள்ளோட்டத்தில் முழங்காலை மடக்கி, தோளிலிருந்து முன்காலை எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்ட வேண்டும் என்று அந்த இனத்தின் வரையறையே கேட்கிறது. ஜூலையில் வேல்ஸின் லனெல்வெத் மைதானத்தில் ராயல் வெல்ஷ் காட்சி நடக்கும். அதில் புதன்கிழமை காப்களின் நாள். ஜார்ஜ் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பைக்காகப் பொலிகுதிரைகள் (இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரைகள்) ஓடிவரும்போது எழும் ஆரவாரத்தைக் கேட்டவருக்கு, இந்த இனம் ஏன் கண்ணைக் கட்டிப்போடுகிறது என்று விளக்கத் தேவையில்லை. டேல்ஸும் அதேபோலத்தான்: முழங்காலும் பின்கால் முட்டியும் உயர்ந்து, அத்தனை பலத்தோடு போகும்.

இப்போது எக்ஸ்மூரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வரையறை, நடை நேராகவும் சீராகவும் இருக்க வேண்டும், மிகைப்படுத்திய அசைவு கூடாது என்கிறது. டார்ட்மூரின் நடை தாழ்வாக, நேராக, தோளிலிருந்து வர வேண்டும். அதிலும் மிகை கூடாது. கானமாராவுக்கு முழங்கால் அதிகம் உயரக்கூடாது. ஆக, வரையறைப்படி மிகச் சரியாக நடக்கிற எக்ஸ்மூர், வரையறைப்படி மிகச் சரியாக நடக்கிற காப்புக்குப் பக்கத்தில் மந்தமாகத் தெரியும். இரண்டும் தத்தம் இனத்தில் பத்துக்குப் பத்து. ஆனால் ரிங்கைச் சுற்றி நிற்கிற கூட்டத்தின் கண் எங்கே போகிறதோ, பல நேரம் நடுவரின் கண்ணும் அங்கேயே போகிறது. என் பார்வையில் நாட்டு மட்டக்குதிரைக் காட்சிகளின் மிகப் பெரிய அநீதி இதுதான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்பதால் இதைத் திருத்துவதும் கடினம்.

பெரிய காட்சிகளில் இரண்டு நடுவர்கள் இருக்கிறார்களே, அது உதவாதா?

ஓரளவு உதவுகிறது. பல பெரிய சவாரி வகுப்புகளில் ஒரு நடுவர் சவாரியையும் நடையையும் பார்ப்பார். இன்னொருவர் சேணத்தை இறக்கியபின் உடற்கட்டையும் இனச்சாயலையும், அதாவது அந்த இனத்துக்கே உரிய தோற்றத்தையும், பார்ப்பார். இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள், கூட்டுத்தொகைதான் முடிவு. ஒருவரின் விருப்பம் மற்றவரின் தாளுக்குள் புக முடியாது.

ஆனால் கவனித்துப் பாருங்கள். அருமையான எக்ஸ்மூர் இனச்சாயலில் உச்ச மதிப்பெண் வாங்கும்; சவாரியில் நீண்ட அடி வைக்கும் கானமாராவிடம் சில மதிப்பெண்களை இழக்கும்; மொத்தத்தில் இரண்டாவதோ மூன்றாவதோ வரும். சவாரி நடுவரும் இனத்துக்கேற்ற நடையைத்தான் பார்க்க வேண்டும், எது அதிக தூரம் பாய்கிறது என்று பார்க்கக்கூடாது என்பதை அழுத்திச் சொல்லாவிட்டால், இரண்டு நடுவர் முறையும் பழைய சாய்வைக் கணக்குப் போட்டு எழுதிவைக்கும் முறையாகிவிடும்.

இன்னொன்று: பிரிட்டனில் இந்த வகுப்புகளில் நடுவர் பொதுவாகக் குதிரை மேல் ஏறிப் பார்ப்பதில்லை. ஓட்டுநரே ஒரு சிறிய தனிக்காட்சி செய்து காட்டுவார். முதுகில் உட்கார்ந்தால் ஃபெல்லும் ஹைலேண்டும் எவ்வளவு வசதி, எவ்வளவு நம்பகம் என்பது நடுவருக்கு உடனே தெரிந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கும்போது அது தெரிவதில்லை. கண்ணுக்குப் படுகிற அழகுக்கே எடை கூடுகிறது.

நடுவர் தானே ஒரு இனத்தை வளர்ப்பவராக இருந்தால், அந்த இனத்துக்குச் சாதகமா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் பலர் எதிர்மாறாகச் சொல்வார்கள்: சொந்த இனத்திடம்தான் நடுவர் மிகக் கடுமையாக இருப்பார். நாற்பது ஆண்டு டார்ட்மூர் வளர்த்தவருக்கு, டார்ட்மூரின் தோளில் உள்ள சின்னக் குறைகூட உடனே கண்ணில் குத்தும். பக்கத்தில் நிற்கிற நியூ ஃபாரஸ்ட்டின் அதே குறையை அவர் மன்னித்துவிடலாம், அல்லது கவனிக்காமலே போகலாம். எனவே உங்கள் இனத்தை வளர்க்கும் நடுவர் முன் போகிறீர்கள் என்றால், நல்ல குதிரைக்கு அது வாய்ப்பு. சுமாரான குதிரைக்கு ஆபத்து.

உண்மையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, உங்கள் இனத்தை அரிதாகவே பார்த்திருக்கும் நடுவரிடம்தான். எரிஸ்கேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 1970களில் இருபது அளவில்தான் மிஞ்சியிருந்த இனம் அது. இன்றும் எண்ணிக்கை குறைவு. ஒரு நடுவர் தன் வாழ்நாளில் எத்தனை நல்ல எரிஸ்கேக்களைத் தொட்டுப் பார்த்திருப்பார்? வரையறையைப் படித்திருந்தாலும், கண்ணுக்குப் பழகாத வடிவத்தை "சரியில்லாதது" என்று மனம் எடுத்துக்கொள்ளும்.

நடுவர் என் குதிரையை வளர்த்தவருக்கு நண்பர். இது விதிமீறலா?

நட்பு விதிமீறல் ஆகாது. இந்த உலகம் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தான் வளர்த்த, விற்ற, பயிற்சி கொடுத்த குதிரை தன் முன் வருவதைத் தடுக்கும் விதிகள் சங்கங்களிடம் உண்டு. கால அளவும் விவரங்களும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். அட்டவணையில் நடுவர் பெயரைப் பார்த்துவிட்டு நுழைவுக் கட்டணம் கட்டுவது உங்கள் பொறுப்பு.

"இனச்சாயல்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உடற்கட்டு நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. நாட்டு மட்டக்குதிரைக் காட்சியின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

நேரான கால்கள், நல்ல தோள், வலுவான பின்புறம், இதெல்லாம் எந்தக் குதிரைக்கும் வேண்டும். ஆனால் அவை மட்டும் இருந்தால் அது "நல்ல மட்டக்குதிரை", அவ்வளவுதான். அதை ஃபெல் என்று சொல்ல வைப்பது எது, டேல்ஸ் என்று சொல்ல வைப்பது எது என்பதுதான் இனச்சாயல். இரண்டும் வட இங்கிலாந்தின் பெனைன் மலைத்தொடரை ஒட்டிய நிலத்தில் பிறந்தவை; இரண்டும் சுமை தூக்கியவை; இரண்டிலும் கறுப்பு அதிகம்; இரண்டுக்கும் கணுக்காலில் அடர்ந்த முடி. டேல்ஸ் ஈயச் சுரங்கங்களிலிருந்து கனமான சுமையைக் கொண்டுவந்த வலுவான உடல். ஃபெல் அதைவிடச் சிறியது, 142 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது; மலைச்சரிவில் சுறுசுறுப்பாக ஏறி இறங்குகிற உடல். சில காலம் கனமான ஃபெல்கள் ரிங்கில் பாராட்டப்பட்டால் என்ன ஆகும்? வளர்ப்பவர்கள் கனமான பொலிகுதிரையைத் தேடுவார்கள். சில தலைமுறைகளில் ஃபெல் சின்ன டேல்ஸ் ஆகிவிடும். இரண்டு இனங்கள் இருந்த இடத்தில் ஒன்றரை இனம் மிஞ்சும்.

வெல்ஷ் பி பிரிவிலும் டார்ட்மூரிலும் வேறு திசையில் இதே கவலை உண்டு. மெலிந்த கால், நீண்ட கழுத்து, பிள்ளைகள் சவாரி செய்யும் மென்மையான காட்சிக் குதிரையின் தோற்றம் ஆகியவற்றுக்குப் பரிசு போனால், எலும்பும் கடினத்தன்மையும் போய்விடும். கானமாராவிலோ, எலும்புள்ள பழைய வடிவமா, இலேசான விளையாட்டுக் குதிரை வடிவமா என்ற விவாதம் ஓயாமல் நடக்கிறது. ஆகஸ்டில் அயர்லாந்தின் கிளிஃப்டனில் நடக்கும் கானமாரா காட்சிக்குப் போனால், அந்த இனத்தை அதன் சொந்த மண்ணில் பார்க்கலாம். கானமாரா வைத்திருக்கிறவர்கள் ஒரு முறையாவது போக வேண்டும்.

ஒரு பரிசு ரிப்பனில் இவ்வளவு இருக்கிறதா?

இருக்கிறது. சாம்பியன் பொலிகுதிரைக்கு அடுத்த ஆண்டு பெண் குதிரைகள் வரிசையாக வரும். நடுவரின் தீர்ப்பு அடுத்த தலைமுறையின் உருவத்தை முடிவு செய்கிறது.

இந்த இனங்களில் பல எண்ணிக்கையில் மிகக் குறைந்தவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எக்ஸ்மூர் சுமார் ஐம்பது குதிரைகளாகச் சுருங்கியது. அந்த ஐம்பதிலிருந்துதான் இன்றைய எக்ஸ்மூர் எல்லாம் வந்திருக்கிறது. மழைநீர் வழிந்தோடும் தடித்த இமை, மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசியதுபோன்ற வெளிர் நிறம், வால் அடியில் விசிறி போன்ற குட்டை முடி, உடலில் எங்கும் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத தோல். இவை அழகுக்காகச் சேர்த்த விவரங்கள் கிடையாது. குளிர்காலத்தில் மேட்டு நிலத்தில் கூரையில்லாமல் உயிரோடு இருக்க உதவியவை இவற்றில் உண்டு. "எக்ஸ்மூர் கொஞ்சம் சாதாரணமாக இருக்கிறது" என்று சொல்லி ஒரு நடுவர் கடந்துபோகும்போது, இதை எல்லாம் கடந்துபோகிறார்.

சரி, இதில் இந்தியாவின் பங்கும் கொஞ்சம் உண்டு. பிரிட்டனில் மட்டக்குதிரைகளுக்கென்று 1893-இல் தொடங்கப்பட்ட சங்கத்தின் நோக்கம் போலோ ஆட்டத்துக்கு ஏற்ற குதிரைகளை வளர்ப்பது. அந்த ஆட்டத்தை ஆங்கிலேயர்கள் கற்றது மணிப்பூர்க்காரர்களிடம், அவர்களின் சின்ன மட்டக்குதிரைகள் மேல். பிற்பாடு நாட்டு இனங்களைக் காக்கும் அமைப்பாக வளர்ந்து, இன்று தேசிய மட்டக்குதிரைச் சங்கம் என்ற பெயரில் அது இருக்கிறது.

நிறத்தில் விருப்பம் காட்டுகிறார்களா?

வரையறை அனுமதிக்கும் நிறங்களுக்குள் விருப்பம் காட்டக்கூடாது. வரையறை தடுப்பதை நடுவர் கவனித்தே ஆக வேண்டும். வெல்ஷ், நியூ ஃபாரஸ்ட், டார்ட்மூரில் பெரிய வெள்ளைத் திட்டுகள் கொண்ட இருநிறக் குதிரைக்கு இடமில்லை. ஷெட்லேண்டில் அந்த இருநிறம் தாராளமாக வரலாம், சிறுத்தை போன்ற புள்ளிகள்தான் கூடாது. ஹைலேண்டில் நெற்றியில் சின்ன நட்சத்திரத்துக்கு மேல் வெள்ளை விரும்பத்தக்கதில்லை.

நடைமுறையில் நடப்பது வேறு. சாம்பல் வெள்ளைக் குதிரையும் பொன்னிறக் குதிரையும் தூரத்திலிருந்தே கண்ணில் படும். பெரிய வகுப்பில் பழுப்புக் குதிரைகள் முதல் சுற்றில் கவனிக்கப்படாமல் போகலாம். பழுப்பு வைத்திருப்பவர்கள் நடுவருக்கு முன்னால் இடைவெளி விட்டு ஓட்டினால் போதும். இதைப் பெரிய அநியாயம் என்று நான் எண்ணவில்லை.

உயரமான குதிரைக்குத்தான் பரிசு என்கிறார்களே?

பெரிய இனங்களில் இந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. நியூ ஃபாரஸ்ட் 148 செ.மீ. வரை போகலாம் என்பதால், 148-ஐத் தொடுகிற குதிரைகளே ரிங்கில் நிறைந்திருக்கும். பெரியவர்கள் ஓட்டுவதற்கும் அதுதான் வசதி. எம் அண்ட் எம் திறந்த வகுப்புகளில் பெரியவர்களும் ஓட்டலாம். ஆனால் மேல் வரம்பு என்பது எட்ட வேண்டிய இலக்கு கிடையாது. நியூ ஃபாரஸ்ட் காட்டில் திரியும் தாய்க்குதிரைகளில் பல அதைவிடச் சிறியவை. உயரம் சரியான 135 செ.மீ. குதிரை, பக்கத்தில் நிற்கும் உயரமான குதிரையால் சின்னதாகத் தெரிவதற்காக இடம் இழக்கக்கூடாது.

குண்டான குதிரையை நடுவர்கள் விரும்புகிறார்களா?

நீண்ட காலம் விரும்பினார்கள். இப்போதும் சிலர் விரும்புகிறார்கள். இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு.

கொழுப்பு குறைகளை மறைக்கும். பலமில்லாத மேல்முதுகு நிரம்பித் தெரியும், மெலிந்த கழுத்தில் வளைவு வரும். ரிங் ஓரத்தில் நிற்பவருக்கு அது "சிறப்பான தோற்றம்". ஆனால் இந்த இனங்கள் ஏழை நிலத்தில் வாழப் பழகியவை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் குளிர்காலத்தில் செலவழிப்பதுதான் அவற்றின் உடல் கணக்கு. செழித்த புல்லும் தீவனமும் கொடுத்து ஆண்டு முழுவதும் கொழுக்க வைத்தால் இன்சுலின் கோளாறு வரும், அதைத் தொடர்ந்து குளம்புக்குள் அழற்சி, அதாவது லாமினைட்டிஸ் வரும். வலி பொறுக்க முடியாமல் குதிரை பின்கால்களில் பாரத்தைப் போட்டு நிற்கும். குளம்பு எலும்பு இடம் மாறினால் கருணைக்கொலையில்தான் முடியலாம்.

பிரிட்டனின் கால்நடை மருத்துவர்களும் குதிரை நல அமைப்புகளும் இதைத் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். எலும்புகளைத் தொட்டுப் பார்த்து 0 முதல் 5 வரை உடல்நிலை மதிப்பிடும் முறை இருக்கிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் விரலால் அழுத்தாமலே தடவினால் தட்டுப்பட வேண்டும். நடுவர் அந்தக் கையை வைத்துப் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாக, ஆடாமல் நிற்கிற குதிரைக்கு முதல் பரிசு கொடுக்கிற நடுவர், அந்தக் குதிரையின் உரிமையாளருக்குத் தவறான ஆலோசனை கொடுக்கிறார். உங்கள் குதிரை சரியான எடையில் இருப்பதால் ஒரு இடம் கீழே வந்தாலும், அதைக் கொழுக்க வைக்காதீர்கள்.

முடியை எவ்வளவு வெட்டலாம்?

இனத்தைப் பொறுத்தது. ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட் ஆகியவற்றின் பிடரியையும் கணுக்கால் முடியையும் முழுமையாக விட வேண்டும். எக்ஸ்மூரையும் ஷெட்லேண்டையும் தொடவே வேண்டாம். சுத்தமாகச் சீவினால் போதும். வெல்ஷ் ஏ, பி, டார்ட்மூர், கானமாரா, நியூ ஃபாரஸ்ட்டில் லேசாகச் சரிசெய்வது பழக்கத்தில் இருக்கிறது. சவாரி வகுப்பில் பிடரியைப் பின்னல் போடக்கூடாது. கடிவாளமும் சேணமும் எளிமையாக இருக்கட்டும். நிறப் பட்டை வைத்த நெற்றிவார் வேண்டாம்.

அதிகம் வெட்டிய ஹைலேண்டைக் கண்டு முகம் சுளிக்கும் நடுவரைச் சார்புள்ளவர் என்று சொல்லாதீர்கள். அவர் தன் வேலையைச் செய்கிறார்.

கையில் பிடித்துக் காட்டும் வகுப்பிலும் சவாரி வகுப்பிலும் விருப்பம் மாறுமா?

மாறும். கையில் பிடித்து நடத்திக் காட்டும் வகுப்பில் சேணமும் ஓட்டுநரும் இல்லை, குதிரை தானாக நிற்கிறது. இனச்சாயலுக்கு முழு மதிப்பும் கிடைப்பது இங்கேதான். இனச் சங்கம் நடத்தும் காட்சி என்றால் இன்னும் நல்லது. அங்கே நடுவர் அந்த இனத்தைக் கரைத்துக் குடித்தவர். ஷெட்லேண்ட், எக்ஸ்மூர், எரிஸ்கே வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இன வகுப்பில் நின்று உங்கள் குதிரையின் உண்மையான இடத்தைத் தெரிந்துகொண்டு, அப்புறம் கலப்பு வகுப்புக்கு வாருங்கள். கலப்பு வகுப்பில் ஐந்தாவது வந்தால் அது குதிரையின் குறையா, வகுப்பின் இயல்பா என்று அப்போது தெரியும்.

சவாரி வகுப்பில் பயிற்சி, ஓட்டுநரின் திறமை, குதிரையின் ஒழுக்கம் எல்லாம் சேரும். இங்கே தோற்றதற்கு இனச் சார்பைக் காரணம் காட்டுவதற்கு முன், கேன்டர் ஓட்டத்தில் குதிரை தவறான முன்காலில் தொடங்கியதா, தனிக்காட்சியில் நேர்கோடு கோணியதா என்று வீடியோவைப் பாருங்கள். மேலும் ஒரு விஷயம்: சிறிய இனங்களைப் பெரும்பாலும் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள், பெரிய இனங்களில் தொழில்முறை ஓட்டுநர்கள். சாம்பியன்ஷிப்பில் இவர்கள் சந்திக்கும்போது, இன விருப்பம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி அனுபவ வித்தியாசம்தான்.

நடுவரின் விருப்பத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது சரியா?

தாராளமாக. அவர் முன்பு யாரை மேலே வைத்தார் என்ற முடிவுகள் வெளிப்படையாகவே கிடைக்கும். ஆனால் ஒரே முடிவை வைத்து முத்திரை குத்தாதீர்கள். அன்று வந்த குதிரைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியாது. பல காட்சிகளில் ஒரே மாதிரி போகிறதென்றால், உங்கள் குதிரையை வேறு நடுவரிடம் கொண்டுபோவதில் தவறில்லை. அக்டோபரில் பர்மிங்ஹாமில் நடக்கும் ஹார்ஸ் ஆஃப் த இயர் காட்சிக்கோ, டிசம்பரில் நடக்கும் லண்டன் சர்வதேசக் குதிரைக் காட்சிக்கோ தகுதி பெற நினைப்பவர்கள் எல்லோரும் தகுதிச் சுற்றுகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்ரோல் செலவும் குதிரையின் களைப்பும் கொஞ்சமில்லை.

வெற்றி பெற எந்த இனத்தை வாங்கலாம்?

உங்களுக்குப் பிடித்த இனத்தை. கலப்பு வகுப்பில் கானமாராவுக்கும் வெல்ஷ் காப்புக்கும் கொஞ்சம் எளிது என்பது உண்மைதான். ஆனால் அந்த வகுப்புகளில் போட்டியும் அதிகம். சராசரி கானமாராவைவிட அபாரமான டார்ட்மூர் எப்போதும் மேலே வரும். வாங்கும்போது குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டில் தூய இனப் பதிவு இருக்கிறதா, சவாரி வகுப்புக்குக் குதிரைக்கு நான்கு வயது ஆகிவிட்டதா, உயரம் வரம்புக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

தீர்ப்பு தவறு என்று உறுதியாகத் தோன்றினால் புகார் கொடுக்கலாமா?

நடுவரின் அபிப்பிராயத்துக்கு எதிராக முடியாது. குதிரையின் தகுதி, உயரம், பதிவு, நடுவருக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு போன்ற விதி சார்ந்த விஷயங்களில் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். அதற்குக் கால வரம்பும் வைப்புத்தொகையும் இருக்கும், காட்சியின் விதிப் புத்தகத்தில் பாருங்கள்.

இடம் சம்பந்தமாக நீங்கள் செய்யக்கூடியது கேட்பது. வகுப்பு முடிந்து, நடுவர் ரிங்கை விட்டு வந்த பிறகு, காட்சி அலுவலர் மூலம் மரியாதையாக, "என் குதிரையின் இனச்சாயலில் எது குறை என்று சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். "ஏன் அவருக்குப் பரிசு?" என்று கேட்காதீர்கள். நல்ல நடுவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்வார், தோள், எலும்பு, குளம்பு என்று விரலால் தொட்டே காட்டுவார். "காப்பிடம் நடை அதிகமாக இருந்தது" என்று மட்டும் சொன்னால், உங்கள் இனச் சங்கத்துக்கு எழுதுங்கள். நடுவர் பயிற்சி நாட்களுக்கு நல்ல குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்த அவர்களுக்கு எப்போதும் ஆள் தேவை. உங்கள் எக்ஸ்மூரை அன்றைக்கு அனுப்பி வையுங்கள். புதிய நடுவர்கள் அதைத் தொட்டுப் பார்க்கட்டும்.